உடைந்த ஓட்டையும் மதித்த பெட்ரி

சென்ற ஆண்டு பொங்கலுக்கு வீட்டைத் துப்புரவு செய்தபோது, பாட்டி பரணில் பாதுகாத்து வைத்திருந்த பழைய பீங்கான் தட்டைக் கம்பி நாரால் அழுத்தித் தேய்த்தேன். அழுக்குப் போயிற்று, விளிம்பிலிருந்த பொன்கோடும் போயிற்று. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. துணியில் சுற்றி மீண்டும் பரணில் வைத்துவிட்டார். அந்த மௌனம் என்னை நூலகத்திற்கு அனுப்பியது. அங்கே நான் அறிந்துகொண்ட அறிஞர்தாம் பிளிண்டர்ஸ் பெட்ரி.

1853ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த பெட்ரி, உடல்நலக் குறைவால் பள்ளி சென்று படித்தவரல்லர். தந்தையிடம் நில அளவை கற்றார். 1880இல் எகிப்து சென்று கீசா பிரமிடுகளை அளந்தார். அக்காலத்தில் அகழ்ந்தோர் பலர் பொன்னையும் சிலையையும் தேடினர். பானை ஓடுகளை வீசியெறிந்தனர். பெட்ரியோ அவற்றைப் பொறுக்கிச் சேர்த்தார். 1890இல் பாலஸ்தீனத்தின் டெல் எல்-ஹேசி மேட்டில், எந்த மண்ணடுக்கில் எவ்வகை ஓடு கிடக்கிறது என்பதைக் கொண்டே காலத்தைக் கணித்தார். 1892இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் எகிப்தியல் பேராசிரியரானார். பள்ளி வாசலை மிதிக்காதவர் பேராசிரியரானார் என்பது, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த எனக்கு எவ்வளவு ஊக்கம் தந்தது!

வேதியியல் மாணவனான என்னைக் கவர்ந்தது அவருடைய கைப்பக்குவம். எகிப்து மண்ணில் உப்பு மிகுதி. அது நீரில் கரைந்து மட்பாண்டத்தின் நுண்துளைகளில் புகுந்துவிடும். தோண்டியெடுத்த பாண்டம் காயும்போது உப்பு படிகமாகிப் பருத்து, மேற்பரப்பைச் செதில் செதிலாக உரித்துவிடும். தேய்த்தால் கேடு இரட்டிப்பாகும். நல்ல நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி உப்பை வெளியேற்றுவதே வழி. நாம் ஆய்வகத்தில் பயன்படுத்தும் சில்வர் நைட்ரேட்டை அந்நீரில் சில துளி விட்டால், வெண்மையான வீழ்படிவு உப்பு இன்னும் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். தொல்பொருள்களைப் பேணுவது பற்றி 1888இலேயே கட்டுரை எழுதிய பெட்ரி, 1904இல் வெளியிட்ட தம் நூலிலும் அதற்கென ஓர் அத்தியாயம் ஒதுக்கினார்.

மெருகிட்ட பீங்கானின் நிலை வேறு. மெருகு நீரைத் தடுக்கும். ஆனால் அதன்மேல் தீட்டிய பொன்கோடு உராய்வைத் தாங்காது. முதலில் மென்தூரிகையால் தூசி தட்டவேண்டும். பிறகு பிளாஸ்டிக் தொட்டியில் இளஞ்சூட்டு நீரும் மென்மையான சோப்பும் போதும். ஒட்டுப்போட்ட பாண்டத்தையும், வண்ணம் உதிர்வதையும் நீரில் அமிழ்த்தலாகாது. வெளுப்புத் தூளும் அமிலமும் அறவே வேண்டா.

மனித இனங்களைப் பற்றிப் பெட்ரி கொண்டிருந்த கருத்துகள் இன்று ஏற்கத்தக்கவை அல்ல. ஆயினும், எளிய ஓட்டுக்கும் வரலாறு உண்டு என்று அவர் காட்டிய உண்மை நிலைத்துவிட்டது. 1942இல் எருசலேமில் அவர் மறைந்தார்.

இந்தப் பொங்கலுக்குப் பாட்டியே அந்தத் தட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். மென்துணியால் மெல்லத் துடைத்தேன். போன கோடு திரும்பாது. ஆனால் ஓரிடத்தில் விரலளவு பொன் இன்னும் மிஞ்சியிருக்கிறது. அதைக் காப்பது என் பொறுப்பு.