தொழில்மேதை ஜி. டி. நாயுடு

ஐப்பசியும் கார்த்திகையும் நம் முன்னோர் கூதிர் என்று வழங்கிய பருவமாகும். அப்பருவத்தில் வடகிழக்கு மழை விடாது பெய்யும். திருவண்ணாமலையில் தீபத் திருநாள் வருவதும் அக்காலத்தேதான். மழைக்கு அஞ்சிப் பல நாள் கொட்டகையில் நிறுத்திவைத்த மோட்டார் வண்டியை, மழை சற்றே ஓய்ந்த ஒரு காலையில் திருநாளுக்கென்று எடுக்க முயன்றால், அது அசையாது நின்றுவிடுவது உண்டு. பனி மிகுந்த மேலைநாடுகளிலோ சிலர் குளிர்காலம் முழுவதும் வண்டிகளைப் பூட்டிவைத்து இளவேனிலில் எடுப்பர். ஆங்கும் இதே தொல்லை நேரும். அவ்வேளையில் ஒருவர் வண்டியை ஏசுவார். ஒருவர் நால்வரைக் கூவி அழைத்துத் தள்ளச் சொல்வார். பொறியின் இயல்பை அறிந்தவரோ ஏசவும் மாட்டார், பதறவும் மாட்டார். இதற்கு வேண்டியவற்றுள் எது கிடைக்கவில்லை என்று தமக்குள் வினவி, ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்வார்.

நின்றுபோன பொறியின்முன் நின்று இங்ஙனம் வினவும் பழக்கம் ஒன்றையே முதலாகக் கொண்டு பெருந்தொழில்களை நிறுவிய தமிழ்நாட்டுப் பெரியார் ஒருவர் இருந்தார். அவரே கோவை ஜி. டி. நாயுடு ஆவார்.

பிறப்பும் இளமையும்

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் அவர் பிறந்தார். அவர்தம் முழுப்பெயர் கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது. உழவுத் தொழிலே அவர் குடும்பத் தொழில். பள்ளிப் படிப்பில் அவருக்கு நாட்டம் செல்லவில்லை. ஆசிரியர்மீது மணலை வாரி இறைத்துவிட்டு ஓடிய சிறுவராகவே அவர் வரலாறு அவரை நமக்கு முதலில் காட்டுகிறது. அச்செயல் போற்றத் தக்கதன்று. தொடக்கக் கல்வியோடு அவர் படிப்பு நின்றது. தந்தையாரின் தோட்டத்தில் வேலை செய்யலானார்.

ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அவ்வூர் வழியே வந்தார். மாடும் குதிரையும் இழுக்காத வண்டி தானே ஓடிவருவதைக் கண்டு ஊரார் வியந்தனர். வந்த வண்டி இடைவழியில் பழுதுற்று நின்றது. அதிகாரி இறங்கி, உறுப்புகளைக் கழற்றி, மண்ணெண்ணெயாலும் துணியாலும் துடைத்து, மீண்டும் பொருத்தினார். வண்டி உறுமிக்கொண்டு புறப்பட்டது என்பர். கண்டவர் பலரும் அவ்வண்டி ஓடியதை நினைத்து வியந்தனர். துரைசாமியோ அது நின்றதையும், நின்றபின் மீண்டும் ஓடியதையும் எண்ணி எண்ணிப் பார்த்தார். உயிரில்லாத இரும்பு எதனால் நின்றது? எதனால் மீண்டும் இயங்கியது? இவ்வினாக்கள் அவரை உறங்கவிடவில்லை.

அத்தகைய வண்டி ஒன்றைத் தாமும் பெறவேண்டும் என்று அவர் உறுதி பூண்டார். கையிற் பொருள் இல்லை. கோயம்புத்தூருக்குச் சென்று, உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். கிடைத்த கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். போதிய பொருள் சேர்ந்ததும் மோட்டார் சைக்கிள் ஒன்றை விலைக்கு வாங்கினார். பிறராயின் அதன்மீது ஏறி ஊர் சுற்றி வருவர். அவரோ அதனைத் திருகாணி திருகாணியாகக் கழற்றி, உறுப்புகளை எல்லாம் தரையிற் பரப்பி, ஒவ்வொன்றும் எதற்காக உள்ளது என்று அறிந்து, மீண்டும் முன்போலவே பூட்டினார். பள்ளியில் அவர் பெறாத கல்வியை அவ்வண்டி அவருக்குத் தந்தது.

பேருந்துத் தொழில்

முதல் உலகப்போர்க் காலத்தில் நாயுடு பஞ்சுத் தொழிலில் இறங்கினார். பெரும்பொருள் ஈட்டினார், பம்பாய்ப் பஞ்சு வாணிகத்தில் அதனை இழக்கவும் செய்தார். இழந்த பொருளை எண்ணி அவர் சோர்ந்துவிடவில்லை. தாம் நன்கு அறிந்த பொறித் தொழிலுக்கே திரும்பினார். அந்நாளில் கோவையில் தொழில் வளர்த்த இராபர்ட்டு ஸ்டேன்சு என்னும் ஆங்கிலப் பெருமகனார் அவருடைய உழைப்பையும் நேர்மையையும் கண்டு உதவி புரிந்தார். 1920ஆம் ஆண்டில் நாயுடு ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். வண்டியின் உரிமையாளரும் அவரே, ஓட்டுநரும் அவரே.

முருகன் திருப்பதியாகிய பழனிக்கு அடியார்கள் நாள்தோறும் வந்து செல்வர். அவர்களுக்கு வேண்டுவது குறித்த நேரத்திற் புறப்படும் வண்டி. ஆனால், அக்காலத்து வண்டிகளைப் புறப்படச் செய்வதே ஒரு போராட்டமாக இருந்தது. முன்புறத்தில் இரும்புக் கைப்பிடியை மாட்டி, உடல் வலிமை முழுவதையும் செலுத்திச் சுழற்ற வேண்டும். சில வேளைகளில் பொறி எதிர்த்து உதைக்கும். கைப்பிடியைத் தவறாகப் பற்றியவரின் மணிக்கட்டு முறியும். அமெரிக்க நாட்டுச் சார்லசு கெட்டரிங்கு என்பார் மின்சாரத்தாற் பொறியைச் சுழற்றும் கருவியை அமைத்தார். 1912ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டிகளில் அது பொருத்தப்பட்டது. நம் நாட்டுச் சாலைகளிலோ அதன்பின்பும் நெடுங்காலம் கைப்பிடியே ஆட்சி செலுத்தியது.

இந்நிலையில் ஒரு பேருந்தாகத் தொடங்கிய தொழில் சில ஆண்டுகளில் யூ. எம். எஸ். என்னும் பெரு நிறுவனமாக வளர்ந்தது. நாட்டிலேயே செம்மையாக இயங்கும் பேருந்துகள் அவருடையவை என்னும் புகழ் பரவியது. வண்டிகள் பலவற்றை வாங்கப் பொருள் உடையவர் எவராலும் இயலும். வாங்கிய வண்டிகளை நாள்தோறும் தவறாது புறப்படச் செய்தல் பொருளால் மட்டும் ஆவதன்று. பழுது வந்தபின் வருந்துதலினும், வருமுன் அதன் காரணத்தைக் களைதலே அத்தொழிலின் உயிர்நாடியாகும்.

பொறியின் நோய் நாடல்

நோயாளியிடம் வந்த மருத்துவன் முதலில் நோய் இன்னது என அறிய வேண்டும். பின்பு அது வந்த காரணத்தை ஆராய வேண்டும். அதன்பின்னரே தீர்க்கும் வழியை நாட வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த முறை. பொறிக்கும் அம்முறையே பொருந்தும். திருவண்ணாமலையில் மழைக்காலம் முழுவதும் நின்ற வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு இதனைக் காண்போம்.

பெட்ரோலால் இயங்கும் பொறிக்கு வேண்டுவன நான்கு. அதனை முதலிற் சுழற்றும் மின்னாற்றல் ஒன்று, எரிபொருள் ஒன்று, காற்று ஒன்று, இவ்விரண்டின் கலவையைப் பற்றவைக்கும் தீப்பொறி ஒன்று. இவற்றுள் முதலில் ஐயுறத் தக்கது பேட்டரியே. பயன்படாது கிடந்தாலும் அதன் ஆற்றல் நாளடைவில் தானே குறையும். ஈயத் தகடுகளின்மேல் உப்புப் படிந்து இறுகும். சாவியைத் திருப்பியதும் விளக்கொளி மங்கிப் பொறி சுழலாதாயின், பேட்டரி வலுவிழந்தது என்றோ, அதன் முனைகளிற் பூத்த உப்பு மின்னோட்டத்தைத் தடுக்கிறது என்றோ கொள்ளலாம். முனைகளைத் துடைத்து இறுக்கிப் பார்த்தபின்னரே பேட்டரியைச் சார்ஜ் செய்ய அனுப்புதல் வேண்டும். உப்பின் குற்றத்தைப் பேட்டரியின்மேல் ஏற்றிப் புதியது வாங்குவோர் பலர்.

பொறி நன்கு சுழன்றும் பற்றிக்கொள்ளாதாயின், குற்றம் பேட்டரியில் இல்லை. அப்போது தீப்பொறியையும் எரிபொருளையும் ஆராய வேண்டும். மழையின் ஈரம் பிளக்கிலும் கம்பிகளிலும் தங்கியிருக்கலாம். உலர்ந்த துணியால் துடைத்தலே போதுமானதாகலாம். நெடுநாள் நின்ற பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும். எஞ்சியது பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். காற்று வடிகட்டியில் எலி கூடு கட்டியிருத்தலும், கம்பிகளைக் கடித்திருத்தலும் உண்டு. இக்கால வண்டிகள் பலவற்றிற் கார்புரேட்டர் இல்லை. ஆயினும், வினாக்கள் மாறவில்லை.

ஈண்டு இரண்டு எச்சரிக்கைகள் மறக்கற்பாலன அல்ல. பேட்டரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் ஆவி வெளிப்படும் ஆதலின், அதன் அருகே நெருப்பைக் கொண்டுசெல்லுதல் கூடாது. பொறி இயங்கியபின் வெளிவரும் புகை உயிரைக் கொல்லும் நச்சுடையது ஆதலின், மூடிய கொட்டகைக்குள் வண்டியை ஓடவிடலாகாது.

ஒன்றைச் சோதித்து முடிக்குமுன் மற்றொன்றைத் தொடாமை, கண்டறியாத குற்றத்தைக் கற்பித்துக் கூறாமை, எளிய காரணத்தை முதலில் நோக்குதல் ஆகிய மூன்றுமே இக்கலையின் அறங்களாகும். இவை பொறிக்கு மட்டுமோ உரியவை? வழக்கை ஆராயும் நடுவர்க்கும், ஏட்டுச்சுவடியிற் பிழை களையும் புலவர்க்கும் இவையே உரியவை அல்லவோ?

ஆக்கங்கள்

பேருந்துத் தொழிலால் வந்த செல்வத்தை நாயுடு புதிய பொருள்களை ஆக்குவதிற் செலவிட்டார். 1937ஆம் ஆண்டில் பாலசுந்தரம் நாயுடு என்பாருடன் சேர்ந்து, இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டாரைக் கோவைப் பீளமேட்டிலிருந்து வெளிக்கொணர்ந்தார். கிணற்று நீரை இறைக்கவும் ஆலைகளை இயக்கவும் மோட்டாரை அயல்நாட்டிலிருந்து எதிர்பார்த்திருந்த காலத்தில் அஃது ஓர் அருஞ்செயலாகும். பின்னாளிற் கோயம்புத்தூர் மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர்பெற்ற நகரமாயிற்று.

சிறு மோட்டாரும் மின்கலமும் கொண்ட முகச்சவரக் கருவி, மண்ணெண்ணெயால் ஓடும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, பொய்வாக்கினைத் தடுக்கும் வாக்குப்பதிவுப் பொறி எனப் பல கருவிகளை அவர் ஆக்கினார். ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை எழுபது ரூபாய்க்குச் செய்து தர இயலும் என்று 1941ஆம் ஆண்டில் அறிவித்தார். ஏழை எளியோரும் வாங்கத்தக்க விலையில் கருவிகள் கிடைத்தல் வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

கல்வித் தொண்டு

1944ஆம் ஆண்டில் அவர் பேருந்துத் தொழிலின் பொறுப்பினின்றும் விலகிப் பொதுப்பணியில் ஈடுபட்டார். கையால் தொழில் செய்வோரைத் தாழ்வாகவும், ஏட்டை மட்டும் படித்தோரை உயர்வாகவும் கருதும் மனப்பான்மை நாட்டைக் கெடுக்கும் என்று அவர் கண்டார். 1945ஆம் ஆண்டில் சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் ஹோப்பின் பெயரால் தொழிற்கல்வி நிலையமும் பொறியியற் கல்லூரியும் கோவையில் தோன்றக் காரணமாக விளங்கினார். பள்ளியைவிட்டு ஓடிய சிறுவர் கல்லூரியின் முதல்வராக அமர்ந்தார்!

நான்காண்டுப் பொறியியற் படிப்பை இரண்டே ஆண்டுகளில் கற்பிக்கலாம் என்பது அவர் கொள்கை. அரசினர் அதற்கு இசையவில்லை. கொள்கையை விட்டுப் பதவியைக் காக்க விரும்பாத நாயுடு, பதவியை விட்டு விலகினார். அவர் கருத்து முழுவதும் சரியானதே என்று கூறிவிட இயலாது. கணக்கும் அறிவியலும் ஆழ்ந்து கற்கக் காலம் வேண்டும். ஆயினும், கைப்பழக்கம் இல்லாத படிப்பு நின்ற வண்டியை நகர்த்தாது என்னும் அவர் உள்ளக்கிடக்கையை மறுக்க எவராலும் இயலாது. அக்கல்லூரியே இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாகச் சிறந்து விளங்குகிறது.

நிறைவேறாத எண்ணம்

1952ஆம் ஆண்டில் இருவர் அமர்ந்து செல்லத்தக்க சிறு காரினை நாயுடு உருவாக்கினார். அதன் விலை இரண்டாயிரம் ரூபாயே. அதனைப் பெருக உற்பத்தி செய்வதற்கான உரிமத்தை அரசினர் வழங்கவில்லை, முயற்சி நின்றுபோயிற்று. எத்தனையோ பொறிகளின் பழுதை நீக்கியவர்க்கு இந்தப் பழுதை நீக்கும் வழி புலப்படவில்லை. வரியும் விதியும் புதுமுயற்சியை நசுக்குகின்றன என்று மனம் வெதும்பி, தாம் ஆக்கிய பொருள்களைப் பலர் காண உடைத்தெறியவும் துணிந்தார். ஆக்கிய கையே அழிக்க நேர்ந்த அவலத்தை நினைக்குந்தோறும் நெஞ்சம் வருந்துகிறது. உடைந்த பொருள்கள் யாருக்கும் பயன்படாமற் போயின. அவர் எழுப்பிய வினா மட்டும் உடையாமல் நின்றது.

நிலைத்த புகழ்

1974ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் நாயுடு இயற்கை எய்தினார். கோயம்புத்தூர் அவிநாசிச் சாலையில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தில் அவருடைய ஆக்கங்களை இன்றும் காணலாம். அவர் நிறுவிய அறக்கட்டளையினர் 2015ஆம் ஆண்டில் பழங்காலக் கார்களுக்கெனத் தனி அருங்காட்சியகமும் அமைத்தனர். அதே சாலையில் 2025ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பத்துக் கிலோமீட்டர் நீள மேம்பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மாணவர்களே! நாயுடுவுக்குக் கிடைத்த முதல் ஆசான் ஊர்த்தெருவில் பழுதுற்று நின்ற ஒரு வண்டி. நம் வீட்டில் நின்றுபோன கடிகாரமும், ஓடாத மிதிவண்டியும், நீர் இறைக்காத பம்பும் அத்தகைய ஆசான்களே. பெரியோர் துணையோடு அவற்றைத் திறந்து பாருங்கள். எது குறைகிறது என்று வினவுங்கள். கழற்றியதை முறையாகப் பூட்டுங்கள். கையும் கருத்தும் ஒன்றி உழைத்தால், நின்றவை எல்லாம் இயங்கும், நாடும் இயங்கும்.