இடக்கை மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை

கருநாடக இசை மேடையில் பாடகர் நடுவில் அமர்வார். அவருக்கு வலப்புறம் மிருதங்கம், இடப்புறம் வயலின். மிருதங்கத்தின் வலந்தலை அவையை நோக்கியிருக்க வேண்டும் என்பதற்காக அமைந்த முறை இது. வலந்தலையை இடக்கையால் வாசிப்பவர் அதே இடத்தில் அமர்ந்தால் அவையோர் பக்கம் தொப்பியே திரும்பியிருக்கும். அவர் எதிர்ப்புறம் அமர்ந்தாக வேண்டும். வயலின் கலைஞர் இடம் விட்டுக் கொடுத்தாக வேண்டும். இந்தச் சிறு இடமாற்றம்தான் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் வாழ்வில் பெருந்தடையாக நின்றது.

1908ஆம் ஆண்டில் பிறந்த அவர், தவிலும் மிருதங்கமும் கற்றுத் தேர்ந்த பழனி முத்தையா பிள்ளையின் மைந்தர். கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஏற்றிய புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளையின் மரபு அக்குடும்பத்தினுடையது. மரபில் ஊறிய தந்தைக்கு மகனின் இடக்கைப் பழக்கம் உவப்பாயில்லை. ஆயினும் கை மாறவில்லை. (ஒசூர்ப் பட்டறைகளின் கடைசல் இயந்திரங்களும் வலக்கையரை எண்ணியே அமைந்தவை, அவற்றின் முன் நிற்கும் இடக்கைத் தொழிலாளிக்கு இந்த இடர் புரியும்.)

வித்தை முதிர்ந்த பின்னும் வாய்ப்புகள் எளிதில் வரவில்லை. அவருக்காக இடம் மாறி அமர வயலின் கலைஞர் பலர் இசையவில்லை. அந்நிலையில் கைகொடுத்தவர் செம்பை வைத்தியநாத பாகவதர். பாலக்காடு மணி ஐயரை இளம் பருவத்திலேயே ஊக்கி மேடையேற்றிய அதே செம்பைதான், தம் கச்சேரிகளில் பக்கவாத்தியக்காரர் அமரும் முறையை மாற்றிப் பழனியாரை அமர்த்திக்கொண்டார். முன்னணிப் பாடகர் ஒருவர் அதைச் செய்யத் துணிந்ததும் மற்ற மேடைகளும் மெல்ல வழிவிட்டன.

பழனியாருக்குக் கஞ்சிராவும் கைவந்த கலை. ஒற்றை முகம் கொண்ட அக்கருவிக்கு இடம், வலம் என்னும் வழக்கு ஏது? 1936இல் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை மறைந்த பின்னர், மணி ஐயர் மிருதங்கம் வாசிக்கப் பழனியார் கஞ்சிரா வாசித்த கச்சேரிகள் பல. தமக்கு நிகரென உலகம் எடைபோட்ட ஒருவருக்கு அருகில் அமர்ந்து உபபக்கவாத்தியம் வாசிக்க எத்தனை பேருக்கு மனம் வரும்! அதில் அவர் தாழ்வு கண்டதாகத் தெரியவில்லை.

அவருடைய மிருதங்கத்தில் இரண்டு அழகுகளை இரசிகர் இன்றும் போற்றுவர். ஒன்று, வலந்தலையில் நாதம் ததும்ப எழும் அரைச்சாப்பு. மற்றொன்று, தொப்பியில் குழைந்து வரும் கும்கி. புதுக்கோட்டைப் பாணி கணக்குக்குப் பெயர்பெற்றது. அவரிடமும் கணக்குக்குக் குறைவில்லை. ஆனால் அது துருத்தி நிற்காது. சொற்கட்டைவிடச் சொல்லின் ஒலிநயமே அவருக்கு முதன்மை. பாட்டு இளைப்பாறும் இடத்தில் மிருதங்கமும் அடங்கும். யாப்பறிந்த கவிஞர்கள் பதிவுகளில் கூர்ந்து கேட்க வேண்டியது இந்த அடக்கத்தையே. தனி ஆவர்த்தனத்தை மட்டும் கேட்டு எழுந்துவிடுவோர் அவரைப் பாதிதான் கேட்டவராவர்.

1962இல், தம் 54ஆம் வயதில், அவர் காலமானார். சென்னை மியூசிக் அகாதெமி மிருதங்கக் கலைஞர் ஒருவருக்குச் சங்கீத கலாநிதி விருதை முதன்முதலாக வழங்கியது 1966இல்தான். அதைப் பெற்றவர் மணி ஐயர். பழனியாரின் மாணவர் திருச்சி சங்கரன் 1971இல் கனடா சென்று, தொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பிக்கலானார். ஆசானுக்குக் கிட்டாத அவ்விருது 2011இல் அவரைத் தேடி வந்தது.