கப்பலோட்டிய தமிழனின் இன்னொரு கனவு

வ.உ.சி. என்றாலே நமக்கு ஞாபகம் வருவது இரண்டு. ஒன்று கப்பல், இன்னொன்று செக்கு. பள்ளிக்கூடத்தில் படிச்சாச்சு, சிவாஜி நடிச்ச படத்திலும் பார்த்தாச்சு. ஆனால் டிப்ளமோ படிக்கும் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய மூன்றாவது விஷயம் ஒன்றும் அவர் வாழ்க்கையில் இருக்கிறது, நண்பர்களே!

1872 செப்டம்பர் 5-ந் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர் சிதம்பரம் பிள்ளை. அப்பா உலகநாத பிள்ளை வக்கீல். மகனும் சட்டம் படித்து வக்கீலானார். தூத்துக்குடிக்கு வந்து தொழில் நடத்தினார். கப்பலுக்கும் அவருக்கும் அதுவரை எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் தூத்துக்குடி துறைமுகத்தை தினமும் பார்க்கிறவருக்கு ஒரு விஷயம் உறுத்தியது. சரக்கு நம்முடையது, பயணிகள் நம்மவர்கள், கூலி சுமப்பவனும் நம்மவன். கொழும்புக்குப் போகும் கப்பல் மட்டும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியுடையது!

1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர் பொறுப்பை ஏற்றார். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 8,000 பங்குகள் எடுத்தார்.

முதலில் கப்பலை வாடகைக்குத்தான் எடுத்தார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி கொடுத்த நெருக்கடியில், வாடகைக்குக் கொடுத்தவர்கள் கப்பலைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அடுத்தவன் கப்பலை நம்பினால் நடுக்கடல்தான் என்று புரிந்துபோனது. உடனே பம்பாய்க்குப் போனார். 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் சொந்தமாகத் தூத்துக்குடி வந்து சேர்ந்தன.

இப்போது அந்த மூன்றாவது விஷயம். கம்பெனியின் நோக்கங்களில் கப்பல் ஓட்டுவது மட்டும் இல்லை. நம் நாட்டவருக்குக் கப்பல் ஓட்டவும் கப்பல் கட்டவும் கற்றுக்கொடுப்பது, அதற்குக் கல்விச்சாலை வைப்பது, கப்பல் கட்டும் தளம் அமைப்பது என்றும் எழுதி வைத்தார்கள். ஏன் தெரியுமா? அன்றைக்கும் கப்பலில் நம் ஆட்கள் ஏராளமாக இருந்தார்கள். ஆனால் எங்கே? பாய்லருக்குக் கரி அள்ளிப் போடும் இடத்தில்! கேப்டன், இன்ஜினியர் வேலையெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு. கப்பலை வாங்கினால் மட்டும் போதாது, மெஷினும் நம் கைக்குள் வர வேண்டும் என்பது அந்த வக்கீலுக்குப் புரிந்திருந்தது.

அது நடக்கவிடவில்லை. போட்டிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறேன் என்றது. 1908-ல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார், ஜெயித்தும் கொடுத்தார். மார்ச் மாதமே கைது. இரட்டை ஆயுள் தண்டனை. அப்பீலில் அது குறைந்தது என்றாலும், கோவை சிறையில் மாடு இழுக்கிற செக்கை மனிதர் இழுத்தார். 1912 கடைசியில் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை, கப்பலும் இல்லை. காலியா எதிரிக் கம்பெனிக்கே போயிருந்தது. வக்கீல் உரிமையும் பறிபோய், இதே சென்னையில் கடை வைத்துப் பிழைத்தார். பிறகு உரிமை திரும்பக் கிடைத்தது. 1936 நவம்பர் 18-ந் தேதி தூத்துக்குடியில் காலமானார்.

இதற்கு நடுவில் கடலும் மாறிவிட்டது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் இலங்கைப் பயணிகள் தனுஷ்கோடி வழிக்கு மாறினார்கள். தூத்துக்குடிப் பயணிக் கப்பலை நம்பியிருந்த பிழைப்பு சுருங்கியது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியும் போனது. நம் தாம்பரம் வழியாக ராமேஸ்வரம் போகிற ரயிலை இன்றும் போட் மெயில் என்கிறோம். பெயர் இருக்கிறது, போட் எங்கே?

கப்பல் தொழில் அப்படித்தான். நீராவி போய் டீசல் வந்தது. கரி அள்ளுகிறவன் வேலையே மறைந்தது. 1950-களில் கன்டெய்னர் வந்தது. மூட்டை சுமந்தவர்கள் இடத்தில் கிரேன் நின்றது. இன்று மலை மாதிரி இருக்கிற கன்டெய்னர் கப்பலைக்கூட இருபது, இருபத்தைந்து பேர் ஓட்டிவிடுகிறார்கள். ஆள் குறைந்தாலும் புது வேலையும் முளைக்கிறது. கப்பலில் எலக்ட்ரானிக்ஸ் பெருகியதால் எலக்ட்ரோ டெக்னிக்கல் ஆபீசர் என்ற பதவிக்கு 2010-ல் சர்வதேச விதியிலேயே இடம் கொடுத்தார்கள். எல்.என்.ஜி., மெத்தனால் என்று எரிபொருளும் மாறுகிறது. மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் படிப்பவர்கள் கவனிங்க!

வ.உ.சி. கேட்ட கல்விச்சாலை? 1927-ல் பம்பாயில் டஃப்ரின் பயிற்சிக் கப்பல் வந்தது, அவர் இருக்கும்போதே. 2008-ல் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் வந்தது. அதன் தலைமையகம் எங்கே என்கிறீர்கள்? நம்ம உத்தண்டியில்! தாம்பரத்தில் ஏறி, மேடவாக்கம், சோழிங்கநல்லூர் தாண்டி, ஈ.சி.ஆரைப் பிடித்தால் போதும்.

ஆனால் ஒன்று. கப்பல் வேலை வாங்கித் தருகிறேன், லட்சம் கொடு என்பவனிடம் ஏமாந்துவிடாதீர்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சிக்குக் கப்பல் துறை இயக்குநரகத்தின் லைசென்ஸ் இருக்க வேண்டும்; வேலை கொடுப்பதற்கென்று பணம் வாங்கக் கூடாது என்பதுதான் சட்டம். கோர்ஸுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

வ.உ.சி.யிடமிருந்து கப்பலைப் பறிக்க முடிந்தது. அவர் எழுதி வைத்த நோக்கத்தை யாராலும் பறிக்க முடியவில்லை. கப்பல் மாறும், எரிபொருள் மாறும், வழித்தடம் மாறும். கையில் தொழில் சுத்தமாக இருப்பவன் எந்தக் கப்பலிலும் ஏறலாம். அந்தத் தொழிலைத்தான் நாம் ஒர்க்‌ஷாப்பில் கற்றுக்கொண்டிருக்கிறோம், தோழர்களே!