எலும்புத் தீவைக் காட்டிக்கொடுத்த கல்தச்சர்: யார் இந்த ஹியூ மில்லர்?

2017-ம் ஆண்டு. ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள ஒரு குட்டித் தீவு. பெயர் எக் (முட்டைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை!). கரையோரப் பாறைகள் மேல் அவசரமாக ஓடிக்கொண்டிருந்த ஆய்வாளர் எல்சா பன்சிரோலி, எதையோ தாண்டி வந்துவிட்டோமே என்று திரும்பிப் பார்த்தார். பாறைக்குள் அரை மீட்டர் நீளத்தில் ஓர் எலும்பு. சுமார் 16.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த டைனோசரின் கால் எலும்பு அது.

ஆனால், இந்தத் தீவின் பாறைக்குள் எலும்புகள் இருக்கு என்று உலகத்துக்குச் சொன்னவர் 170 வருஷங்களுக்கு முன்பே அங்கே போய் வந்துவிட்டார். அவர் பேராசிரியர் இல்லை. கல்லூரிப் பக்கமே போகாத ஒரு கல்தச்சர்.

குவாரியில் தொடங்கிய படிப்பு

ஹியூ மில்லர் 1802-ல் ஸ்காட்லாந்தின் குரோமார்ட்டி என்ற துறைமுக ஊரில் பிறந்தார். அப்பா கப்பல் வைத்திருந்தவர். மில்லருக்கு 5 வயது இருக்கும்போது கடலுக்குப் போன அப்பா திரும்பவே இல்லை. தாய்மாமன்கள் இருவர்தான் வளர்த்தார்கள். பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. 17 வயதில் கல்தச்சு வேலைக்குப் போய்விட்டார்.

குவாரியில் உடைத்த மணற்கல்லில் அவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். கடற்கரை மணலில் அலை விட்டுப்போகும் வரி வரியான தடம் அப்படியே கல்லுக்குள் இருந்தது. அப்படின்னா, இந்த இடம் ஒருகாலத்தில் நீருக்கு அடியில் இருந்ததா? அங்கே ஆரம்பித்ததுதான். ஊர்க் கரையிலேயே கற்களை உடைத்து, 38 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய மீன்களின் புதைபடிவங்களைச் சேர்த்தார். கவசம் போட்ட மாதிரி இருந்த ஒரு மீனுக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

கல் அறிவைத் தந்தது. கூடவே நோயையும் தந்தது. கல்தூசி நுரையீரலைக் கெடுத்ததால் அந்த வேலையை விட்டார். வங்கியில் கணக்கர் ஆனார். 1840-ல் எடின்பரோவில் ஒரு செய்தித்தாளின் ஆசிரியரானார். அடுத்த ஆண்டே வெளிவந்த அவருடைய பாறைகள் பற்றிய புத்தகம், சாதாரண வாசகர்களையும் புவியியல் பக்கம் இழுத்தது.

படகே வீடு

1843-ல் ஸ்காட்லாந்து திருச்சபை இரண்டாக உடைந்தது. பிரிந்துபோன பாதிரியார்களில் ஒருவர் மில்லரின் பழைய நண்பர் ஜான் ஸ்வான்சன். அவருக்கு வீடு கட்ட, தீவின் நிலவுடைமையாளர் இடம் தர மறுத்துவிட்டார். என்ன செய்வது? பெட்சி என்ற சின்னப் படகையே வீடாக்கிக்கொண்டு, தீவு தீவாகப் போய் ஊழியம் செய்தார் ஸ்வான்சன். 1844 கோடையில் மில்லர் அந்தப் படகில் ஏறினார்.

எக் தீவு அவரை அசத்தியது. நடந்தால் கீச்சிடும் மணல். 393 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஸ்கர் பாறை. எரிமலைக் குழம்பு ஒரு பழைய பள்ளத்தாக்கை நிரப்பி இறுகியதுதான் இந்தப் பாறை. சுற்றியிருந்த நிலம் அரித்துப் போனது, இது மட்டும் நின்றுவிட்டது. அதன் அடியில் கல்லாகிப்போன மரத்துண்டுகளைப் பார்த்தார் மில்லர்.

வடக்குக் கரையில்தான் பெரிய பரிசு. விழுந்து கிடந்த செந்நிறக் கற்களில் எலும்புகள்! நீண்ட கழுத்துள்ள நீர்வாழ் ஊர்வனமான பிளிசியோசரின் எலும்புகள் அவை. இது டைனோசர் இல்லை, அதே காலத்தில் வாழ்ந்த வேறு இனம். அடுத்த ஆண்டும் வந்து, கற்கள் எந்தப் படிவிலிருந்து உடைந்து விழுந்தன என்று தேடிப் பிடித்தார். அந்தப் படிவு இன்றும் அவர் பெயரால்தான் அறியப்படுகிறது.

காலியான தீவு

பக்கத்துத் தீவான ரம்மில் அவர் பார்த்தது வேறு. 1826-ல் அங்கிருந்த சுமார் 300 பேரை, ஆடு வளர்ப்புக்காகக் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பியிருந்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் மீதி இருந்தவர்களில் பெரும்பாலோரும் போனார்கள். மிச்சம் இருந்தது இடிந்த வீடுகள்தான். பாறையில் அழிந்த உயிர்களைத் தேடிப்போன மனிதர், விரட்டப்பட்ட மக்களின் கதையையும் சேர்த்தே எழுதினார். இன்று அந்தப் பயணக் குறிப்புகளைப் படிக்கிறவர்கள் இரண்டையும்தான் படிக்கிறார்கள்.

முடிவும் தொடர்ச்சியும்

மில்லர் ஆழ்ந்த கிறிஸ்தவர். பூமி மிகப் பழமையானது என்று ஏற்றுக்கொண்டார். ஆனால், ஓர் உயிரினம் இன்னொன்றாக மாறும் என்பதை ஏற்கவில்லை. கடைசி நாட்களில் கடும் தலைவலியும் மனக்குழப்பமும் அவரை வாட்டின. 1856 டிசம்பரில், 54 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பெட்சி பயணப் புத்தகம் 1858-ல்தான் வந்தது. அதை மனைவி லிடியாதான் கொண்டுவந்தார்.

எக் தீவில் மில்லருக்கு டைனோசர் கிடைக்கவே இல்லை. ஸ்காட்லாந்தில் முதல் டைனோசர் தடம் கிடைத்ததே 1982-ல், அதுவும் ஸ்கை தீவில். ஸ்கைக்கு வெளியே அந்நாட்டில் முதன்முதலாகக் கிடைத்த டைனோசர் புதைபடிவம்தான் பன்சிரோலி கண்ட எலும்பு. அநேகமாக அது முதுகில் தகடுகள் கொண்ட ஸ்டெகோசர் வகை.

அந்த எலும்பு இப்போது எடின்பரோவில், ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. மில்லர் சேர்த்த 6,000-க்கும் மேற்பட்ட புதைபடிவங்களும் அதே சேகரிப்பில்தான் இருக்கின்றன.