குழந்தைக் கவிஞரின் கதைத் தொண்டு

விளக்கு வைக்கும் வேளையில் நம் காலனி வீடுகளிலிருந்து கேட்கும் பிள்ளைப் பாட்டுக்களுள் பல, அழ. வள்ளியப்பா அவர்கள் இயற்றியவை. பாடுகின்ற குழந்தைக்கு அது தெரியாது. கற்றுக் கொடுத்த தாய்க்கும் பல வேளை தெரியாது. ஆயினும், குழந்தைக் கவிஞர் என்னும் அப்பெயர் அவர் செய்த மற்றொரு தொண்டை ஓரளவு மறைத்துவிட்டது என்பது என் எண்ணம். பாட்டுப் பாடும் பருவத்தைக் கடந்து, பெரியோருக்குரிய நாவல்களை இன்னும் எட்டாத சிறுவர் சிறுமியருக்காக அவர் எழுதிய கதைகளையே குறிப்பிடுகிறேன்.

புதுக்கோட்டையைச் சேர்ந்த இராயவரத்தில் 1922 நவம்பர் 7 அன்று அவர் பிறந்தார். தந்தையார் அழகப்ப செட்டியார், தாயார் உமையாள் ஆச்சி. உள்ளூரில் தொடக்கக் கல்வியும், அடுத்துள்ள இராமச்சந்திரபுரத்தில் உயர்நிலைக் கல்வியும் பெற்றார். பள்ளிப் பருவத்தில் தோழர்களோடு திரைப்படம் பார்க்க நடந்து போன வழியில், நடைக் களைப்புத் தெரியாதிருக்க ஏதோ ஒரு பாட்டை இட்டுக் கட்டினாராம். உடன் வந்த பிள்ளைகளும் சேர்ந்து பாடினார்களாம். பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதை அவருக்குக் கற்பித்தவர்கள் அந்தத் தோழர்களே எனலாம். கூட்டமாகச் சேர்ந்து, நடந்துகொண்டே பாட இயலாத எதையும் பின்னாளில் அவர் குழந்தைகளுக்குக் கொடுக்கவில்லை.

1940-ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து, வை. கோவிந்தன் அவர்களின் சக்தி காரியாலயத்தில் காசாளராக அமர்ந்தார். பணம் எண்ணும் பிள்ளையிடம் எழுத்தும் இருப்பதைக் கண்டுகொண்டவர் பத்திரிகையின் ஆசிரியர் தி. ஜ. ரங்கநாதன். அவர் தூண்டியதன் பேரில் எழுதிய முதற் கதை, ஆளுக்குப் பாதி. பாட்டால் பெயர் பெற்றவரின் அச்சேறிய தொடக்கம் கதையாக இருந்தது என்பதை வாசகர் நினைவிற் கொள்ள வேண்டும். மறு ஆண்டே இந்தியன் வங்கியில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அவ்வேலையிலேயே இருந்தார். பகலெல்லாம் கணக்குப் புத்தகம். அதன் பின்னர்க் குழந்தைகள். எழுத்தை நம்பிக் குடும்பம் நடத்துவது அந்நாளில் அரிது. அதிலும் குழந்தைகளுக்கென்று எழுதுவோருக்குக் கூலி என்று ஒன்று இருந்ததாகவே சொல்ல இயலாது.

1944-இல் 23 பாடல்களோடு வெளிவந்த மலரும் உள்ளம் அவரைத் தமிழகமெங்கும் அறிமுகப்படுத்தியது. பாலர் மலர், டமாரம், சங்கு, பூஞ்சோலை எனப் பல பத்திரிகைகளைத் தம் ஓய்வு நேரத்தில் கௌரவ ஆசிரியராக இருந்து நடத்தினார். 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றுவதற்கு முன்னின்றார். வை. கோவிந்தன் அவர்களைத் தலைவராக அமர்த்திவிட்டுத் தாம் உழைப்பாளியாக நின்றார். குழந்தைகளுக்கு எழுதுவோர் ஆளுக்கொரு மூலையில் இருந்த காலம் அது. அவர்களை ஓரிடத்திற் கூட்டி, மாநாடும் புத்தகக் காட்சியும் நடத்தி, இதுவும் ஓர் இலக்கியத் துறையே என்று உலகுக்குச் சொல்ல வைத்தார். சங்கம் நடத்திப் பார்த்தவர்களுக்கு அதன் பாடு தெரியும், விளக்க வேண்டுவதில்லை.

இனிக் கதைகளுக்கு வருவோம். நீலா மாலா, நல்ல நண்பர்கள், மணிக்கு மணி, பர்மா ரமணி ஆகியவை அவற்றுட் சில. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளை தாய்மொழியில் எதைப் படிக்கும்? பாட்டுப் புத்தகத்தைத் தம்பிக்குத் தள்ளிவிடும். பெரியவர்களின் தொடர்கதையைத் திருட்டுத்தனமாகப் புரட்டும், பாதி விளங்காது. இந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் தமிழை விட்டு நழுவுகிறார்கள். பள்ளியிலும் கடைத்தெருவிலும் இந்தி வழங்கும் நம் தீவில், தமிழ் பேசும் பிள்ளை தமிழ் படியாத பிள்ளையாவதை நாம் கண்ணெதிரே காண்கிறோம். வள்ளியப்பா அந்த வயதினருக்கு எளிய நடையில், அவர்கள் வயதினரையே தலைவர்களாக்கி, முழு நீளக் கதைகளைக் கொடுத்தார்.

அவற்றுள் பர்மா ரமணி நமக்கு மிக அணுக்கமானது. பர்மாவிலிருந்து போர்க்காலத்தில் தமிழகம் வந்து சேர்ந்த ஒரு சிறுவனின் கதை அது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழியத் தொடங்கின. கப்பல் கிடைக்காத பல்லாயிரம் இந்தியர் காட்டு வழியே நடந்தனர். எண்ணற்றோர் வழியிலேயே மாண்டனர். சரியாக மூன்று மாதம் கழித்து, 1942 மார்ச் 23 அன்று, போர்ட் பிளேரும் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மாவோடு கொடுக்கல் வாங்கலில்லாத குடும்பம் செட்டிநாட்டு ஊர்களில் அரிது. எனவே இராயவரத்துப் பிள்ளைக்கு அது செய்தித்தாளில் மட்டும் படித்த துயரமாக இருந்திருக்காது. பின்னாளில் பர்மாவை விட்டு வந்த தமிழ்க் குடும்பங்களுட் சில அந்தமானிலும் குடியமர்த்தப்பட்டதை நம் பெரியோர் அறிவர். ரங்கத்துக்குப் போய், எரட்டா துறையில் படகேறித் திரும்பும் நம் பிள்ளைகளுக்குக் கடல் கடந்த தமிழர் கதை அயலார் கதையாகத் தோன்றாது. அடுத்த முறை சென்னையிலிருந்து நூல்கள் வருவிக்கும்போது இதனையும் சேர்த்து வருவிக்குமாறு சங்கத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இக்கதைகளில் நல்லவர்களே மிகுதி. அறிவுரையும் சிறிது எட்டிப் பார்க்கும். இக்காலப் பிள்ளைகள் அதைக் கண்டு புன்னகைக்கலாம். ஆனால் அப்புன்னகையோடு அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்கள் என்றே நம்புகிறேன்.

நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட நம் நதிகள் என்னும் அவரது நூல் 14 இந்திய மொழிகளில் வந்தது. வங்கிப் பணி முடிந்தபின், 1983 முதல் கோகுலம் பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றுப் புதிய இளம் எழுத்தாளர் பலரைத் தேடி எழுத வைத்தார். ஆயினும் ஒரு மனக்குறை அவருக்குத் தீரவில்லை. பல்கலைக்கழகங்கள் சங்க இலக்கியம் கற்பித்தன, புதுக்கவிதையும் கற்பித்தன, சிறுவருக்காக எழுதப்பட்டவற்றை மட்டும் வாசலிலேயே நிறுத்தின.

1989 மார்ச் 16 அன்று மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேரவைக் கூட்டத்தில், குழந்தை இலக்கியத்தைப் பாடமாக வைக்க வேண்டுமென்று வாதாடினார். அங்கேயே மயங்கிச் சாய்ந்தார். அன்றே உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 66.