சதுர்த்திதோறும் நடந்த மகான்!

சங்கடஹர சதுர்த்தியன்று பகல் முழுக்க உபவாசம் இருந்து, மாலையில் பிள்ளையார் கோயில் அபிஷேகத்தைத் தரிசித்துவிட்டு, இரவு மொட்டை மாடிக்குப் போய் சந்திரன் உதித்துவிட்டானா என்று பார்ப்பவரா நீங்கள்? அப்படியானால் மோரியா கோஸாவி என்ற மகானின் வரலாற்றை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால், உங்களைப் போலவே மாதந்தோறும் சதுர்த்தி திதிக்காகக் காத்திருந்து, அதற்காகவே ஒரு முழு வாழ்க்கையையும் வாழ்ந்து முடித்தவர் அவர்.

பெயர் புதிதாக இருக்கிறதே என்று யோசிக்காதீர்கள். விநாயகர் சதுர்த்தி சமயத்தில் தொலைக்காட்சியில் மும்பை ஊர்வலத்தைப் பார்த்திருப்பீர்கள். லட்சக்கணக்கான மக்கள் ஒரே குரலில் கணபதி பப்பா மோரியா என்று முழங்குவார்கள். கணபதி தெரியும். மராட்டியத்தில் பப்பா என்றால் தந்தை. அந்த மோரியா யார்? இந்த மகான்தான் என்கிறார்கள் மராட்டிய மக்கள். இறைவனின் பெயரோடு பக்தனின் பெயரையும் சேர்த்து அழைக்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும், சொல்லுங்கள்!

மயிலூர் தந்த பிள்ளை

மகாராஷ்டிர மாநிலம் புனேயிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர் தொலைவில், கர்ஹா நதிக்கரையில் இருக்கிறது மோர்காவ். மராட்டிய மொழியில் மோர் என்றால் மயில். காவ் என்றால் ஊர். இங்கே விநாயகப் பெருமான் மயில் வாகனராக, மயூரேஸ்வரர் என்ற திருநாமத்துடன் அருள்கிறார். நம் ஊரில் மயில் என்றால் முருகப்பெருமான்தான் நினைவுக்கு வருவார். அங்கேயோ அண்ணன் மயிலேறி வருகிறார்! அஷ்ட விநாயகர் தலங்கள் எட்டில் முதல் தலம் இதுதான். யாத்திரையை இங்கே தொடங்கி, நிறைவாகவும் இங்கேயே வந்து தரிசிப்பது வழக்கம்.

வாமன பட்டர், பார்வதிபாய் என்ற தம்பதிக்கு நெடுநாளாகக் குழந்தைப் பேறு இல்லை. கர்நாடகத்தின் பீதர் பகுதியிலிருந்து மோர்காவுக்கு வந்து, மயூரேஸ்வரர் சந்நிதியே கதியென்று கிடந்தார்கள். பெருமான் கண் திறந்தார். பிறந்த ஆண் குழந்தைக்கு அவர் பெயரையே வைத்து மோரியா என்று அழைத்தார்கள்.

அவர் வாழ்ந்த காலத்தை ஆய்வாளர்கள் பலவிதமாகக் கணிக்கிறார்கள். 17-ஆம் நூற்றாண்டு என்பவர்களும் உண்டு. சிஞ்ச்வட் மரபோ, அவர் ஜீவ சமாதி அடைந்த ஆண்டு 1561 என்று வைத்து, ஒவ்வோர் ஆண்டும் மார்கழி மாதத்தையொட்டி வரும் தேய்பிறை சஷ்டியில் சமாதித் திருவிழா நடத்தி வருகிறது.

தேவூரில் தவம்

நயன பாரதி என்ற குருநாதர் மோரியாவுக்கு உபதேசம் செய்து, தேவூருக்குப் போய்த் தவம் செய்யும்படி அனுப்பினார். தேவூரும் அஷ்ட விநாயகர் தலங்களில் ஒன்று. அங்கே அருள்பவர் சிந்தாமணி விநாயகர். மனச் சிந்தனைகளைத் தீர்ப்பவர் என்பதால் இந்தத் திருநாமம். 42 நாட்கள் அங்கே கடும் அனுஷ்டானத்தில் இருந்த மோரியாவுக்குப் பெருமானின் தரிசனம் கிட்டியது என்பது வரலாறு.

பெற்றோரின் காலத்துக்குப் பிறகு, புனேக்கு அருகில் பவனா நதிக்கரையில் உள்ள சிஞ்ச்வட்டை ஒட்டிய காட்டுப் பகுதிக்கு வந்தார். நாட்கணக்கில் உபவாசம் இருப்பாராம். நான்கு நாட்களுக்கு ஒரு முறை அருகம்புல்லை மட்டும் உட்கொள்வார் என்றும் சொல்கிறார்கள். நாம் பிள்ளையாருக்கு மாலையாகச் சாத்தும் அதே அருகம்புல்!

இவ்வளவு தவம் செய்தவர், இல்லறத்தை வெறுத்து ஓடவில்லை என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும். உமாபாய் என்ற உத்தமியை மணந்தார். மகன் பிறந்தான். தேவூர் பெருமானின் நினைவாக சிந்தாமணி என்று பெயரிட்டார். குடும்பம், தன்னைத் தேடி வருவோரின் துயரம் என்று எல்லாவற்றுக்கும் நடுவில்தான் அவருடைய விரதமும் நடந்தது.

மரத்தடியில் ஒரு பூஜை

எங்கே இருந்தாலும் மாதந்தோறும் வளர்பிறை சதுர்த்திக்கு மோர்காவ் போய்விட வேண்டும் என்பது மோரியாவின் வைராக்கியம். சிஞ்ச்வட்டிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். வாகனம் ஏது? நடைதான். வெயிலானாலும் மழையானாலும் பூஜைப் பொருட்களுடன் புறப்பட்டுவிடுவார்.

அப்படி ஒரு சதுர்த்தி நாளில் மோர்காவில் பெருங்கூட்டம். சந்நிதியை நெருங்கவே முடியவில்லை. இவ்வளவு தூரம் வந்தும் பெருமானுக்குத் தன் கையால் ஒரு பூ சாத்த முடியவில்லையே என்று வேறு யாராக இருந்தாலும் நொந்து போயிருப்பார்கள். மோரியா நோகவில்லை. அருகில் இருந்த ஒரு மரத்தடியில் அமர்ந்தார். மனதில் மயூரேஸ்வரரை இருத்தி, கொண்டு வந்ததை அங்கேயே படைத்து வழிபட்டார்.

அப்போது நடந்தது ஓர் அதிசயம். கோயிலுக்குள் மற்றவர்கள் படைத்த நைவேத்தியம் மரத்தடியில் இருந்தது. மோரியா மரத்தடியில் படைத்ததோ சந்நிதியில், பெருமானின் திருமுன் இருந்தது!

பார்த்தவர்கள் பரவசப்பட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? இல்லை. இது ஏதோ மாந்திரீகம் என்றார்கள் அர்ச்சகர்கள். கோயிலுக்குள் மோரியா நுழையவே கூடாது என்று தடுத்தார்கள். யாருக்காக வாழ்நாளெல்லாம் நடந்தாரோ, அவரைப் பார்க்கவே கூடாது என்றால் அந்த மனம் என்ன பாடுபட்டிருக்கும்! ஆனாலும் அவர் யாரையும் சபிக்கவில்லை. வழக்காடவும் இல்லை.

பக்தன் பேசாமல் இருந்தாலும் பகவான் பேசாமல் இருப்பாரா? அந்த ஊரின் செல்வாக்கு மிக்க பெரியவரான பிங்களே என்பவரின் கனவில் விநாயகர் தோன்றினார். தன் அன்பனை அவமதித்தது தன்னையே அவமதித்தது போல என்று உணர்த்தினார். பதறிப்போன பிங்களே, மோரியாவிடம் மன்னிப்பு வேண்டினார்.

ஆற்றில் கிடைத்த பொக்கிஷம்

காலம் யாரைத்தான் விட்டது? மோரியாவுக்கும் முதுமை வந்தது. உடல் தளர்ந்தது. ஆனால், சதுர்த்தி யாத்திரை மட்டும் நிற்கவில்லை. ஒரு முறை தள்ளாடித் தள்ளாடி அவர் போய்ச் சேர்வதற்குள் கோயில் நடை சாத்தப்பட்டுவிட்டது. களைப்பில் அப்படியே வெளியில் கண்ணயர்ந்தார். அப்போது விநாயகர் காட்சி தந்தார். இனி இவ்வளவு சிரமப்பட்டு நீ வர வேண்டாம், நானே உன்னுடன் சிஞ்ச்வட் வருகிறேன் என்று அருளினார். மறுநாள் கர்ஹா நதியில் நீராடி, மூழ்கி எழுந்தபோது மோரியாவின் கைகளில் ஒரு விநாயகர் திருமேனி இருந்தது!

ஆனந்தக் கண்ணீருடன் அதைச் சிஞ்ச்வட்டுக்கு எடுத்து வந்து பிரதிஷ்டை செய்தார். மங்களமூர்த்தி என்று இன்றும் வழிபடப்படும் மூர்த்தி அவர்தான். ஆண்டுக்கு இரண்டு முறை, ஆவணி - புரட்டாசியை ஒட்டி வரும் பாத்ரபத மாதத்திலும், தை - மாசியை ஒட்டி வரும் மாக மாதத்திலும் மங்களமூர்த்தி பல்லக்கில் ஏறி மோர்காவுக்கு எழுந்தருள்கிறார். அன்று பக்தன் நடந்த பாதையில் இன்று பகவான் பயணம் போகிறார்!

உமாபாயும் குருநாதரும் இறைவனடி சேர்ந்த பின், மோரியா பவனா நதிக்கரையில் குகை போன்ற அறையில் கையில் புனித நூலுடன் அமர்ந்து ஜீவ சமாதி ஆனார். அந்த இடத்தை ஒருபோதும் திறக்கக் கூடாது என்பது அவர் கட்டளை. அங்குள்ள ஆலயம் 1658-59-ல் கட்டப்பட்டதாகக் கல்வெட்டு கூறுகிறது. அவர் வம்சத்தில் ஏழு தலைமுறையினரை விநாயகரின் அம்சமாகவே மக்கள் போற்றினார்கள். மோர்காவ், தேவூர், சித்தடேக் ஆகிய தலங்கள் சிஞ்ச்வட் தேவஸ்தானத்தின் நிர்வாகத்தில் உள்ளன. தன்னை உள்ளே விட மறுத்த கோயிலே அவர் வழிவந்த மடத்தின் பராமரிப்பில் இருக்கிறது என்றால், அது பெருமானின் திருவிளையாடல் அல்லாமல் வேறென்ன?

உங்கள் வீட்டிலும் வருவார்

மோரியா நடந்து போனது வளர்பிறை சதுர்த்திக்கு. பௌர்ணமிக்குப் பின் நான்காம் நாள் வருவது சங்கடஹர சதுர்த்தி. இரண்டுமே ஆனைமுகனுக்கு உகந்தவைதான். அன்று அதிகாலையில் நீராடி, உபவாசம் தொடங்குங்கள். முடியாதவர்கள் பாலும் பழமும் எடுத்துக்கொள்ளலாம். மாலையில் பிள்ளையாருக்கு அருகம்புல் சாத்தி, கொழுக்கட்டையோ மோதகமோ நைவேத்தியம் செய்யுங்கள். இரவு சந்திரனைத் தரிசித்து அர்க்கியம் விட்ட பிறகு உணவு கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமையில் வந்தால் அங்காரக சதுர்த்தி, கூடுதல் விசேஷம்.

மாமியாருக்கு உடம்பு சரியில்லை, பிள்ளைக்குப் பரீட்சை, அலுவலகத்திலிருந்து வரவே இரவு ஆகிவிடுகிறது... இப்படி ஏதோ ஒரு காரணத்தால் ஒரு மாதம் கோயிலுக்குப் போக முடியாமல் போகலாம். விரதத்துக்குப் பங்கம் வந்துவிட்டதே என்று கலங்காதீர்கள். மரத்தடியில் படைத்ததைச் சந்நிதியில் ஏற்றுக்கொண்டவர், உங்கள் பூஜை அறையில் நீங்கள் வைக்கும் ஒரு பிடி அருகம்புல்லையும் ஏற்றுக்கொள்வார். நடக்க முடிகிற வரை நாம் அவரைத் தேடிப் போவோம். முடியாதபோது அவரே நம்மைத் தேடி வருவார். இந்த நம்பிக்கையுடன் வருகிற சதுர்த்தி விரதத்தை அனுஷ்டியுங்கள். உங்கள் சங்கடங்கள் யாவும் சூரியனைக் கண்ட பனி போல விலகட்டும்!