படம் காட்டி இலக்கணம் புகட்டிய கொமேனியுஸ்



மாலை வேளையில் நம் வீடுகளில் இலக்கணப் பாடம் நெட்டுருப் போடும் சத்தம் கேட்கிறது. சில வீடுகளில் அதைத் தொடர்ந்து அழுகைச் சத்தமும் கேட்கிறது. ஆகையால் இவ்வாரம், அந்த அழுகையை நிறுத்தப் பாடுபட்ட ஒருவருடைய சரித்திரத்தைச் சொல்லுகிறேன். அவர் பெயர் யோவான் ஆமோஸ் கொமேனியுஸ். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்ல. பொஹேமியச் சகோதரர் என்னும் பிரிந்த சபையின் குருவாயிருந்து, பின்னாளில் அதன் மேற்றிராணியாரானவர். அவர் பட்ட துன்பங்களில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு. அதையும் ஒளிக்காமல் சொல்லுவதே நியாயம்.

1592-ம் ஆண்டு மார்ச் 28-ந் தேதி, இன்று செக் குடியரசைச் சேர்ந்த மொராவியா நாட்டில் அவர் பிறந்தார். பன்னிரண்டு வயதுக்கெல்லாம் தாய் தகப்பனை இழந்து அநாதையானார். இலத்தீன் பள்ளியில் சேரும்போது அவருக்கு வயது பதினாறு. சிறுவர்களோடு சேர்ந்து பாலபாடம் படிக்க வேண்டியிருந்தது. வெட்கமாய்த்தான் இருந்திருக்கும். ஆனால் சிறு பிள்ளை அழுதுவிட்டு மறந்துபோகிற கொடுமையை, விவரம் தெரிந்த வயதில் அவர் கண்ணால் கண்டார்.

கொடுமை என்னவென்றால், அக்காலத்தில் இலத்தீன் இலக்கணத்தை இலத்தீனிலேயே எழுதி வைத்திருந்தார்கள். பாஷையே தெரியாத பிள்ளை, அந்தப் பாஷையில் எழுதிய விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டும். தவறினால் பிரம்படி. குருமடத்தில் இலத்தீன் வேற்றுமைகளை ராகம் போட்டு ஒப்புவித்த என் போன்றவர்களுக்கு இதில் பாதி புரியும். எங்களுக்காவது விளக்கம் தாய்மொழியில் கிடைத்தது!

ஜெர்மனியில் வேதசாஸ்திரம் படித்துத் திரும்பிய கொமேனியுஸ் 1616-ல் குருப்பட்டம் பெற்றார். 1618-ல் புல்நெக் என்ற ஊரில் சபையையும் பள்ளியையும் ஏற்றார். அதே ஆண்டில் முப்பதாண்டு யுத்தம் மூண்டது. 1620-ல் கத்தோலிக்கச் சக்கரவர்த்தியின் சேனை பொஹேமியரை முறியடித்தது. புல்நெக் சூறையாடப்பட்டது. கொமேனியுஸ் ஒளிந்து திரிந்த நாட்களில் அவருடைய இளம் மனைவியும் இரண்டு குழந்தைகளும் கொள்ளைநோயில் மாண்டார்கள். புல்நெக்கில் விட்டுவந்த புத்தகங்கள் கொளுத்தப்பட்டன. 1628-ல் தாய்நாட்டை விட்டுப் போலந்து நாட்டு லெஷ்னோ நகருக்குப் போனார். திரும்பவேயில்லை. இதைச் செய்தவர்கள் நம் விசுவாசத்தின் பெயரால் செய்தார்கள். வேறு என்ன சொல்ல?

லெஷ்னோவில் உபாத்தியாயர் வேலை. அங்கே 1631-ல் 'பாஷைகளின் வாசல்' என்ற கருத்துள்ள பெயரோடு ஓர் இலத்தீன் பாடநூலை வெளியிட்டார். உலகத்துப் பொருள்களை நூறு தலைப்புகளாகப் பிரித்து, ஆயிரம் வாக்கியங்களில் இலத்தீன் சொற்களைக் கோத்திருந்தார். நாம் கவனிக்க வேண்டியது ஒன்று: இந்தப் பெயரையும் வழியையும் ஏற்கெனவே காட்டியவர்கள் சலமன்காவில் இருந்த அயர்லாந்துச் சேசு சபைக் குருக்கள். வில்லியம் பாத் சுவாமியும் அவருடைய தோழர்களும் 1611-ல் அப்படி ஒரு நூலை வெளியிட்டிருந்தார்கள். கொமேனியுஸ் அதில் குறைகள் கண்டார். ஆனாலும் அவர்களுக்குப் பட்ட கடனை முன்னுரையில் மறைக்கவில்லை. சேசு சபையாரை எதிரிகளென்று எண்ணக் காரணமிருந்த மனிதர் அவர்.

அவருடைய நூல் ஐரோப்பா முழுவதும் பரவிற்று. ஆயினும் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு அதுவும் கடினமாயிருந்தது. 1650-ல் ஹங்கேரி நாட்டு ஷாரோஷ்பட்டோக் பள்ளியைச் சீர்படுத்த அவரை அழைத்தார்கள். மாணவர்கள் மந்தமாயிருந்தார்கள். பிரம்பை எடுக்காமல், பாடங்களை நாடகமாக எழுதி அவர்களையே மேடையேற்றினார். விளையாட்டுப் பள்ளி என்று அந்நாடகங்களுக்குப் பெயரிட்டார். அங்கேதான் படப் புத்தகமும் உருவாயிற்று. சித்திரம் செதுக்க அங்கே ஆள் கிடைக்காததால், அது நூரெம்பெர்க் நகரில் 1658-ல் அச்சேறியது. அதன் பெயர் 'ஓர்பிஸ் பிக்துஸ்', அதாவது 'சித்திர உலகம்'.

அதில் சுமார் நூற்றைம்பது பாடங்கள். பாடத்துக்கு ஒரு படம். முதலில் ஓர் ஆசிரியரும் பையனும் பேசிக்கொள்ளுகிறார்கள். பிறகு அரிச்சுவடி: ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பிராணி அல்லது ஓசை. காகம் கத்துகிறது, ஆட்டுக்குட்டி கத்துகிறது. பிள்ளையும் கூடவே கத்தினால் எழுத்தின் ஓசை வந்துவிடும். அப்புறம் சர்வேசுரன், வானம், நெருப்பு, பறவைகள், தேனீ, தையற்காரன், நாவிதன் என்று உலகம் முழுவதும் வருகிறது. படத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். கீழே இலத்தீனிலும் ஜெர்மனிலும் எழுதிய சிறு வாக்கியங்களில் அதே எண். ரொட்டி சுடுகிறவன் சல்லடையால் மாவைச் சலிக்கிறான் என்றால், அவன் எழுவாய், மாவு செயப்படுபொருள், சல்லடை கருவி. மூன்றுக்கும் இலத்தீனில் ஈறு வேறு வேறு. வேற்றுமையின் பெயரைக் கேள்விப்படும் முன்பே பிள்ளை அதன் வேலையைக் கண்ணால் பார்த்துவிடுகிறது. விதி பிறகு வந்தால் போதும் என்பது அவர் கொள்கை. ஆத்துமத்தை எப்படி வரைவது? வெறும் புள்ளிகளால் ஒரு மனித உருவம் போட்டிருக்கிறார்கள்!

பெற்றோருக்கும் அவர் ஒன்று சொன்னார். பள்ளிக்குப் போகுமுன்பே இப்புத்தகத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்து, இஷ்டம்போல் பார்க்கவும் படங்களைப் பார்த்து வரையவும் விடுங்கள் என்றார். படத்திலுள்ள பொருள் வீட்டில் இருந்தால் அதையே காட்டுங்கள் என்றார். தன் முதல் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கக் கொடுத்து வைக்காத தகப்பன் அவர்.

இந்நூல் வெளிவருமுன் மறுபடி ஓர் இடி விழுந்தது. 1656-ல் சுவீடன் யுத்தத்தில் லெஷ்னோ தீக்கிரையாயிற்று. 1612-ல் தொடங்கித் தொகுத்து வந்த செக்-இலத்தீன் அகராதியின் கையெழுத்துப் பிரதி சாம்பலானது. ஆம்ஸ்டர்டாமில் ஒரு செல்வக் குடும்பத்தார் அவருக்குப் புகலிடம் தந்தார்கள். அங்கே 1670 நவம்பர் 15-ந் தேதி இறந்தார். நார்தென் ஊரில் அடக்கம் செய்யப்பட்டார்.

படப் புத்தகம் மட்டும் இறக்கவில்லை. நூறாண்டு கழித்து ஜெர்மானிய மகாகவி கதே சிறுவனாயிருந்தபோது அவர் கையில் இருந்ததும் அதுதான். கொமேனியுஸைத் துரத்திய அதே பொஹேமியாவில் வாழ்ந்த சேசு சபைக் குரு பால்பின், அவர் எழுதிய எத்தனையோ நூல்களில் கத்தோலிக்க விசுவாசத்துக்கு விரோதமானது ஒன்றுமில்லை என்று எழுதி வைத்தார். பால்பின் சுவாமியின் அந்த நூல் அச்சாக 18-ம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.